சிறிய காரில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை: என்3 நெடுஞ்சாலைக்கான முழுமையான வழிகாட்டி

சுசுகி எஸ்-பிரெஸ்ஸோ, செலேரியோ, ரெனோ க்விட், கியா பிகாண்டோ, ஹூண்டாய் ஆட்டோஸ் போன்ற ஒரு லிட்டர் அளவு எஞ்சின் கொண்ட கார்களை டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலோ நகரத்துக்குள் ஓட்டிப் பழகியவர்கள், முதன்முறையாகத் தென்னாப்பிரிக்காவின் என்3 சாலையில் ஏறும்போது செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அந்தத் தவறுகளை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

இந்தக் கார்கள் இந்தத் தூரத்தைத் தாங்கும். ஆனால் சக்தியிலும், சுமக்கும் எடையிலும், பெட்ரோல் தொட்டியின் கொள்ளளவிலும் அவற்றிடம் கையிருப்பு குறைவு. பெரிய காரில் அந்தந்த நொடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடிய முடிவுகளை, சிறிய காரில் சில நிமிடங்களுக்கு முன்பும், சிலவற்றை ஒரு வாரத்துக்கு முன்பும் எடுத்துவிட வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே அமைந்தது. ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் முதலில் செய்தது வீணாகும் இடங்கள் இதில் உண்டு.

1. பாதையின் ஏற்ற இறக்கத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 570 கிலோமீட்டர். புறப்படும் இடம் கடல் மட்டம்; சேரும் இடம் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். இந்த ஏற்றம் வழி நெடுகச் சீராகப் பரவியிருக்கவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரையிலான முதல் 80 கிலோமீட்டரிலேயே பல ஏற்றங்கள் வந்துவிடுகின்றன. அந்த ஊரைத் தாண்டியதும் ஹில்டனை நோக்கி டவுன் ஹில் செங்குத்தாக ஏறுகிறது. மூய் ரிவரைக் கடந்து எஸ்ட்கோர்ட் பக்கம் சாலை மீண்டும் தாழ்ந்து, துகேலா ஆற்றைக் கடந்தபின் வான் ரீனன் கணவாயில் 1,600 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஹாரிஸ்மித்துக்குப் பிறகு, வார்டன், வில்லியர்ஸ், ஹைடல்பர்க் வரை பெரும்பாலும் திறந்த சமவெளி.

இதைத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின், உயரம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைவதால் சக்தியை இழக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கின் உயரத்தில் அந்த இழப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. டர்பனில் 50 கிலோவாட் தரும் எஞ்சினிடம் அங்கே 42 கிலோவாட்டை ஒட்டியே எதிர்பார்க்கலாம். அதாவது, வான் ரீனன் ஏற்றத்தை அடையும்போது உங்கள் கார், கடற்கரையில் நீங்கள் ஓட்டிப் பழகிய அதே கார் அன்று. “வண்டியில் ஏதோ கோளாறு, இழுக்கவே மாட்டேன் என்கிறது” என்று பதறிச் சாலையோரத்தில் நிறுத்துகிறவர்களில் பலருக்கு வண்டியில் ஒரு கோளாறும் இருப்பதில்லை.

2. ஒரு வாரம் முன்பு: டயர், எண்ணெய், குளிரூட்டி நீர்

முந்தைய நாள் இரவு பார்த்தால் கோளாறு தெரியும், ஆனால் சரிசெய்யக் கடை இருக்காது. ஆகவே ஒரு வாரம் முன்பு பாருங்கள்.

டயரில் தென்னாப்பிரிக்கச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1 மில்லிமீட்டர். நெடுஞ்சாலை மழைக்கு அது போதாது. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காக உள்ள தேய்மானக் கட்டைகள் 1.6 மில்லிமீட்டரைக் காட்டுகின்றன. அவற்றை நெருங்கிய டயரை இந்தப் பயணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நகரத்துக்குள் மட்டும் ஓடும் கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடுவதும் உண்டு. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. உபரிச் சக்கரத்தையும் இதே கண்ணால் பாருங்கள். ஜாக்கி, சக்கர நட்டுத் திருகி ஆகிய இரண்டும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்காமல், ஒரு நட்டைத் தளர்த்தி மீண்டும் இறுக்கிப் பாருங்கள். கடையில் இயந்திரத்தால் இறுக்கிய நட்டு கையால் அசையாது என்பதை வீட்டு வாசலில் தெரிந்துகொள்வது, வார்டனுக்கு அப்பால் இருட்டில் தெரிந்துகொள்வதைவிட நல்லது.

ஒரு லிட்டர் எஞ்சின்களில் எண்ணெயின் மொத்த அளவே மூன்று லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதில் அரை லிட்டர் குறைந்தால் குறைவது ஆறில் ஒரு பங்கு. பெரிய எஞ்சினில் பொறுத்துக்கொள்ளத்தக்க குறை, இங்கே அப்படி அன்று. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் அளவுக்கோலைப் பாருங்கள்.

குளிரூட்டி நீரைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. இந்த வகைக் கார்கள் பலவற்றில் வெப்பமானி முள் கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிகையாகச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். நடுவில் நடப்பது எதுவும் ஓட்டுபவருக்குத் தெரியாது. எனவே குப்பியில் நீர் மட்டத்தை ஒரு வார இடைவெளியில் இருமுறை பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போகாமல் கசிவைக் கண்டுபிடியுங்கள்.

3. சுமையை எடைபோட்டு முடிவு செய்யுங்கள்

சிறிய காரில் நடக்கும் தவறுகளில் இதுவே முதன்மையானது என்பது என் கணிப்பு. இடம் இருக்கிறது என்பதால் சாமானை ஏற்றிவிடுகிறோம். வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்பது வேறு கணக்கு.

உரிமையாளர் கையேட்டில் உள்ள மொத்த அனுமதி எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது கிடைக்கும். இந்த அளவுக் கார்கள் பலவற்றில் அது 400 கிலோவை ஒட்டி இருக்கும். தலைக்கு 75 கிலோ என நான்கு பெரியவர்கள் அமர்ந்தால் 300 கிலோ போய்விடும். மிஞ்சிய நூறு கிலோவில் பெட்டிகள், தண்ணீர், பலகாரம், கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகும் பித்தளைக் குத்துவிளக்கு, “இதையும் வைத்துக்கொள் தம்பி” என்று பெரியம்மா கடைசி நேரத்தில் நீட்டும் மசாலாப் பொட்டலங்கள் எல்லாம் அடங்க வேண்டும். ஐந்தாவது ஆள் ஏறினால், சாமானை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பெரியம்மாவிடம் மறுப்பது கடினம் என்பதை அறிவேன். அதனால்தான் இந்தக் கணக்கை முந்தைய நாளே வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் போட்டுவிட வேண்டும்.

கனமான பொருள்களைப் பின் இருக்கையின் முதுகை ஒட்டி, தரையோடு தரையாக வையுங்கள். பின் கண்ணாடியை ஒட்டிய தட்டில் எதையும் வைக்காதீர்கள்: திடீரென பிரேக் பிடித்தால் அங்கே இருக்கும் பொருள் முன்னால் இருப்பவரின் தலையைத் தேடி வரும். கூரைமேல் சாமான் கட்டுவதை அறவே தவிர்ப்பது நல்லது. அது காற்றின் தடையைக் கூட்டுவதோடு, ஏற்கெனவே உயரமும் ஒடுக்கமுமான வண்டியைப் பக்கக் காற்றில் மேலும் ஆட்டும்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் குழந்தை இருக்கை கட்டாயம். 2015 மே முதல் இது சட்டம். இருக்கையைப் பொருத்தியபின் பின்வரிசையில் எத்தனை பேர் உண்மையில் அமர முடியும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பின்பக்கம் கனத்தால் முன்விளக்கின் ஒளி மேல்நோக்கி எழும்பி எதிரே வருபவர் கண்ணைக் கூசச்செய்யும், உங்கள் பாதைக்கும் வெளிச்சம் குறையும். ஓட்டுநர் இருக்கை அருகே 0 முதல் எண்கள் கொண்ட ஒரு சிறு திருகு இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கைத் தாழ்த்துவதற்கானது அது. பலர் அதைத் தொட்டதே இல்லை.

4. சுமைக்குப் பிறகே காற்றழுத்தம்

சுமையை முடிவு செய்யாமல் காற்றடிப்பதில் பயனில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள ஒட்டுத்தாளில், இரண்டு பேருக்கு ஓர் எண்ணும் முழுச் சுமைக்கு வேறு எண்ணும் இருக்கலாம். முழுச் சுமை என்றால் முழுச் சுமைக்கான எண். ஒட்டுத்தாளில் ஒரே எண் இருந்தால் அதையே வையுங்கள், ஊகத்தில் கூட்டாதீர்கள்.

காலையில், வண்டியை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிய டயர் சூடாகி அழுத்தம் ஏறியிருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியபின் குறைவான அழுத்தத்தில் ஓட வேண்டியிருக்கும். பெட்ரோல் நிலையப் பணியாளர்கள் அன்போடு காற்றுப் பார்த்துத் தருவார்கள், ஆனால் எண்ணை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு சிறிய அழுத்தமானி வைத்திருப்பது நல்லது.

இந்தப் பாதைக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. அழுத்தமானி காட்டுவது டயருக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள அழுத்தங்களின் வேறுபாட்டை. ஜோகன்னஸ்பர்க்கில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 0.18 பார் (காற்றழுத்தத்தின் அலகு) குறைவு. எனவே டர்பனில் 2.2 பார் வைத்த டயர், அதே வெப்பநிலையில் அங்கே 2.4 பாரை ஒட்டிக் காட்டும்; அதில் கவலைப்பட எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது எதிர்த்திசை. லெனேசியாவில் சரியாக 2.2 வைத்துப் புறப்பட்ட கார், டர்பனில் இறங்கும்போது 2.0 பாரில் நிற்கும். முழுச் சுமையும், கடற்கரை வெயிலும், குறைந்த அழுத்தமும் சேர்ந்தால் டயரின் பக்கச் சுவர் மிகையாக மடங்கிச் சூடாகும்.

5. புறப்படும் நாளும் நேரமும்

வெள்ளிக்கிழமை மாலை, மாதக் கடைசி, டிசம்பர் நடுப்பகுதி ஆகியவற்றைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். புனித வெள்ளியன்று டர்பன் அருகே இசிப்பிங்கோவிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் மாரியம்மன் கோயில்களுக்குப் போகும் குடும்பங்களுக்கு இது இயலாது. அவர்கள் வியாழன் பிற்பகலில் கிளம்பாமல் புதன் இரவு தூங்கி வியாழன் விடியலில் கிளம்பலாம்.

டர்பனிலிருந்து என்றால் காலை ஐந்து மணிக்கு முன்பின்னாகப் புறப்படுவது பொருத்தம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சில ஆண்டுகளாக நடந்துவரும் சாலை விரிவாக்கப் பணியின் நெரிசலை அப்போது பெரிதும் தவிர்க்கலாம். சூரியனும் முதுகுப் பக்கம் இருக்கும். கோடையில் உயர்சமவெளியில் இடி மழையும் ஆலங்கட்டியும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வருபவர்களுக்குக் காலைச் சூரியன் முன்னால் இருக்கும் என்பதால், கண்ணாடியை உட்புறமும் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இரவுப் பயணத்தை நான் பரிந்துரைப்பதில்லை: லாரிகள் குறையாது, சாலையில் கிடக்கும் கல்லோ டயர்த் துண்டோ கண்ணுக்குத் தெரியாது, கோளாறு என்றால் உதவியும் தாமதமாகும்.

6. பெட்ரோலும் சுங்கக் கட்டணமும்

எஸ்-பிரெஸ்ஸோவின் தொட்டி 27 லிட்டர், க்விட்டுடையது 28 லிட்டர். விளம்பரத்தில் சொல்லும் சிக்கனத்தை வைத்து ஒரே தொட்டியில் போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முழுச் சுமையோடு மலையேறும் கார் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடித்தால், 27 லிட்டரின் கடைசிச் சொட்டு 450 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். எனவே டர்பனில் முழுமையாக நிரப்பி, ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் உள்ள ஹாரிஸ்மித்தில் மீண்டும் நிரப்புங்கள். கணவாய் ஏறி முடிந்த இடம் அது, ஓய்வுக்கும் பொருந்தும். கடற்கரையில் பெட்ரோல் விலை, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தைவிடக் குறைவு என்பதும் டர்பனில் நிரப்புவதற்கு ஒரு காரணம். கடலிலிருந்து தள்ளிய உயரமான பகுதிகளில் கிடைக்கும் 93 ஆக்டேன் பெட்ரோல், அங்குள்ள மெல்லிய காற்றுக்குப் போதுமானது. ஆனால் அதை நிரப்பிக்கொண்டு கடற்கரைக்கு இறங்குவதற்கு முன், உங்கள் எஞ்சினுக்கு 95 வேண்டுமா என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

தொட்டியை வற்றவிடாமல் முன்னதாகவே நிரப்புவதற்கு இன்னொரு காரணம், சாலை மூடப்படும் நாள்கள். அதைப் பன்னிரண்டாம் படியில் சொல்கிறேன்.

கௌட்டெங் நகரச் சாலைகளின் மின்னணுச் சுங்கம் 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டதைக் கேட்டு, என்3-இலும் சுங்கம் இல்லை என்று நினைத்து வருபவர்கள் உண்டு. மரியன்ஹில், மூய் ரிவர், துகேலா, வில்கே, டி ஹூக் ஆகிய ஐந்து சாவடிகளிலும் கட்டணம் உண்டு. வங்கி அட்டையோடு கொஞ்சம் ரொக்கமும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

7. வேகத்தை ஒருமுறை தேர்ந்து, அதில் நில்லுங்கள்

சட்ட வரம்பு 120 கிலோமீட்டர். சிறிய காருக்கு 100 முதல் 110 வரை உகந்தது என்று நான் நினைப்பதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. காற்றின் தடையை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 100-இலிருந்து 120-க்குப் போனால் அந்தச் சக்தி ஏறக்குறைய 73 விழுக்காடு அதிகம் வேண்டும். 50 கிலோவாட் எஞ்சினில் இதைக் கொடுத்துவிட்டால், அடுத்து வரும் ஏற்றத்துக்கோ லாரியைக் கடப்பதற்கோ மிச்சம் இருக்காது.

இழப்பதோ சிறிது. 570 கிலோமீட்டரை 120-இல் கடக்க 4 மணி 45 நிமிடம். 105-இல் ஏறக்குறைய 5 மணி 25 நிமிடம். வேகமாகப் போய்க் கூடுதலாகக் குடித்த பெட்ரோலுக்கு இன்னொருமுறை நின்றால், அந்த நாற்பது நிமிடத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

8. ஏற்றங்கள்: கியரை முன்னதாக இறக்குங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஏற்றம் தொடங்குகிறது, ஐந்தாவது கியரில் கால் முழுக்க அழுந்தியிருக்கிறது, வேகம் 100, 90, 80 என்று இறங்குகிறது. எஞ்சின் முனகத் தொடங்கியபின்தான் நான்காவதுக்கு மாற்றுகிறார்கள், அதற்குள் அதுவும் போதாது, மூன்றாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. இப்போது கார் 60-இல் இருக்கிறது, பின்னால் லாரி நெருங்கிவிட்டது.

தவறின் வேர், எஞ்சின் சத்தத்தைப் பற்றிய அச்சம். மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுழற்சிக்கு மேல் கரகரவென்று கத்தும். கேட்பவருக்கு ஏதோ உடையப்போகிறது என்று தோன்றும். உண்மையில் இத்தகைய எஞ்சின்கள் தம் முழு இழுவிசையைத் தருவதே 3,500 சுழற்சியிலோ அதற்கு மேலோதான், முழுச் சக்தியைத் தருவது அதற்கும் வெகு மேலே. குறைந்த சுழற்சியில் காலை முழுக்க அழுத்தி முனகவைப்பதே எஞ்சினை வருத்தும்.

எனவே இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். ஏற்றம் கண்ணில் படும்போதே, சமதளத்திலேயே குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். சிறிய எஞ்சினிடமிருந்து அது எடுக்கும் சக்தி உணரத்தக்க அளவு. பிறகு இடது தடத்தில் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தடம் காலியாக இருந்தால், வேக வரம்புக்குள் 5 முதல் 10 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு ஏற்றத்துக்குள் நுழையுங்கள். வேகம் 10 கிலோமீட்டர் குறைந்தவுடன், முனகலுக்குக் காத்திராமல் நான்காவதுக்கு இறக்குங்கள். டவுன் ஹில்லிலும் வான் ரீனனிலும் முழுச் சுமையோடு மூன்றாவது கியரில் 70 அல்லது 80-இல் ஏறுவது இயல்பு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஏறி முடிந்தபின் உடனே ஐந்தாவதுக்குப் போகாமல், வேகம் 95-ஐத் தாண்டும்வரை நான்காவதிலேயே இருங்கள்.

தானியங்கி கியர் கொண்ட க்விட், எஸ்-பிரெஸ்ஸோ போன்றவற்றில் இருப்பது பெரும்பாலும் சாதாரணக் கிளட்சையே இயந்திரம் இயக்கும் அமைப்பு. ஏற்றத்தில் அது மூன்றுக்கும் நான்குக்கும் இடையே தடுமாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நொடி இழுவை அறுந்து வேகம் குறையும். ஏற்றம் தொடங்குமுன் கைமுறை நிலைக்கு மாற்றி, ஒரே கியரைப் பிடித்துவையுங்கள். சாலைப் பணி நெரிசலில் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால், ஆக்சிலேட்டரால் காரைத் தாங்கி நிறுத்தாமல் கை பிரேக் போடுங்கள். இல்லாவிட்டால் கிளட்ச் தீயும் வாடை சில நிமிடங்களில் உள்ளே வரும்.

9. லாரிகளைக் கடப்பது

என்3-இன் பெரும்பகுதியில் எதிர்த்திசை வாகனங்கள் தனிச் சாலையில் போவதால் கடப்பது எளிது என்று தோன்றும். ஆபத்து இங்கே பின்னாலிருந்து வருகிறது.

22 மீட்டர் நீள இரட்டைத் தொடர் லாரி 80-இல் போகிறது, நீங்கள் 95-இல் கடக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். முன்னும் பின்னும் 30 மீட்டர் இடைவெளி விட்டால், கடந்து முடிக்க ஏறக்குறைய 20 நொடி ஆகும். வலத் தடத்தில் 200 மீட்டர் பின்னால் 140-இல் வரும் பாக்கி (பிக்கப் வண்டி) 16 நொடியில் உங்கள் பின்னால் நிற்கும். கண்ணாடியில் அது தொலைவில் தெரிந்ததே என்று நினைத்தவர், லாரிக்கு இணையாக இருக்கும்போது பின்னால் விளக்கு மின்னுவதைக் கண்டு பதறிவிடுகிறார்.

கடக்க முடிவு செய்தபின் வேகம் கூட்டாதீர்கள். வேகம் கூட்டியபின் கடந்து செல்லுங்கள். லாரிக்குப் பின்னால் நான்கைந்து நொடி இடைவெளியில் இருக்கும்போதே நான்காவது கியருக்கு இறக்கி, இடத் தடத்திலேயே வேகத்தை 105-க்குக் கொண்டுவந்து, கண்ணாடியில் வலத் தடம் தெளிவாக இருந்தால் மட்டும் மாறுங்கள். தெளிவாக இல்லையென்றால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி காத்திருங்கள். லாரியின் பின்புறத்தை ஒட்டிப் போய்க் காற்றுத் தடையைக் குறைத்துப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாகச் சிலர் சொல்வார்கள். லாரிச் சக்கரம் எறியும் கல்லுக்குப் போகும் முன்கண்ணாடியின் விலை, அந்த மிச்சத்தைவிடப் பல மடங்கு.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பக்கக் காற்று பலமாக வீசும். லாரியை ஒட்டிப் போகும்போது அது காற்றை மறைக்கும். லாரியின் முகப்பைத் தாண்டிய நொடியில் காற்று முழுவேகத்தில் அறைந்து, 800 கிலோ எடையுள்ள வண்டியை அரைத் தடம் தள்ளும். அந்த நொடியை எதிர்பார்த்து இரு கைகளாலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருங்கள். வெடுக்கென்று திருப்பாமல் சிறிதாகத் திருத்துங்கள். காற்று தொடர்ந்து வீசினால் 90-க்கு இறங்குங்கள்.

10. ஓய்வு

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூய் ரிவரிலும் ஹாரிஸ்மித்திலும் வில்லியர்ஸிலும் நிற்கலாம். சிறிய காரில் சத்தமும் அதிர்வும் அதிகம் என்பதால் களைப்பு முன்னதாகவே வரும். நிற்கும்போதெல்லாம் நான்கு டயர்களையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். சூடான டயரின் காற்றை இறக்காதீர்கள்.

11. இறக்கங்கள்

திரும்பும் பயணத்தில் வான் ரீனனும் டவுன் ஹில்லும் இறக்கமாகிவிடும். சிறிய கார்களின் பிரேக் தட்டுகள் சிறியவை. அவை காலி வண்டிக்கு ஏற்றவை, நானூறு கிலோ சுமையோடு தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடிமானம் தளரும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ, இறங்கும்போதும் அதே கியர். இறக்கம் தொடங்குமுன்பே கியரை இறக்கி, எஞ்சினே வேகத்தைப் பிடிக்கவிடுங்கள். வேகம் மிஞ்சும்போது பிரேக்கை உறுதியாக ஒருமுறை பிடித்து விடுவிக்க வேண்டும், லேசாக அழுத்திக்கொண்டே வரக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது அறியாமை: கியரில் இறங்கும் இன்றைய எஞ்சின் பெட்ரோலை முழுவதும் நிறுத்திவிடுகிறது, நியூட்ரலில்தான் செலவழிக்கிறது.

பிரேக் இழந்த லாரி பின்னால் வரக்கூடும் என்பதையும் நினைவில் வைத்து, இறக்கத்தில் இரண்டு லாரிகளுக்கு இடையே நீண்ட நேரம் இருக்காதீர்கள்.

12. மூடுபனி, புகை, ஆலங்கட்டி, பனிப்பொழிவு

ஹில்டன் பகுதியிலும் வான் ரீனனிலும் மூடுபனி அடிக்கடி இறங்கும். பகல் விளக்கு தானாக எரிகிறது என்று இருந்துவிடாதீர்கள். பல கார்களில் அது முன்னால் மட்டும் எரியும், பின்விளக்கு எரியாது. முன்விளக்கைத் தாழ்வொளியில் போடுங்கள். ஓடும்போது நான்கு திசைவிளக்குகளையும் மின்னவிடுவது, நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்று பின்னால் வருபவரைக் குழப்பும்.

குளிர்காலக் கடைசியில் புல்வெளித் தீயின் புகை சாலையை மறைக்கும். மறுபக்கம் தெரியாத புகைக்குள் நுழையாதீர்கள். ஆலங்கட்டிக்குப் பாலத்தின் அடியில் நிற்பதும் ஆபத்து. அடுத்த வெளிவழியில் இறங்கிப் பெட்ரோல் நிலையக் கூரையைத் தேடுங்கள்.

2024 செப்டம்பரில் பெய்த பனியில் வான் ரீனன், ஹாரிஸ்மித், வார்டன் பகுதிகளில் என்3 மூடப்பட்டு, பலர் இரவு முழுவதும் வண்டிக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. தொட்டியில் கையிருப்புப் பெட்ரோல், ஒரு கம்பளி, குடிநீர், தொலைபேசிக்கு மின்னேற்றி ஆகியவை அதற்காகத்தான்; பெட்ரோல் நீங்கலாக எடை நான்கைந்து கிலோவுக்கு மேல் வராது.

13. கோளாறு ஏற்பட்டால்

முதலில், நிற்க வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். கார் ஓடும் நிலையில் இருந்தால் மெதுவாக அடுத்த சுங்கச் சாவடி அல்லது பெட்ரோல் நிலையம்வரை கொண்டுபோவது நல்லது, இரவில் குறிப்பாக. விதிவிலக்கு இரண்டு. சிவப்பு வெப்ப விளக்கோ எண்ணெய் விளக்கோ எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது. வெப்ப விளக்கு என்றால் குளிர்சாதனத்தை நிறுத்தி, சூடேற்றியை முழுவதும் திறந்துகொண்டே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும்.

மஞ்சள் கோட்டுக்கு இடப்பக்கம் முடிந்தவரை ஒதுங்கி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, எல்லோரும் இடப்பக்கக் கதவுகள் வழியாக இறங்கித் தடுப்புவேலிக்கு அப்பால் நில்லுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வையுங்கள். மழைக்காகக் குழந்தைகளைக் காருக்குள்ளேயே உட்காரவைப்பதுதான் நான் கண்ட தவறுகளில் மிக ஆபத்தானது.

சீடாராவுக்கும் ஹைடல்பர்க்குக்கும் இடைப்பட்ட பகுதியில் என்3 உதவி எண் 0800 63 43 57. எங்கிருந்தும் கைபேசியில் 112. சாலையோரக் கிலோமீட்டர்ப் பலகையில் உள்ள எண்ணைச் சொன்னால் விரைவில் வருவார்கள். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டியிடம் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். உங்கள் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் வண்டிக்குக் காத்திருங்கள்.

உபரிச் சக்கரம் ஒல்லியான தற்காலிக வகை என்றால் அதன் வேக வரம்பு அதன்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும், பெரும்பாலும் 80. அதில் மீதிப் பயணத்தை முடிக்க நினைக்காமல், அடுத்த ஊரில் டயரைச் சரிசெய்யுங்கள்.

14. சேர்ந்த மறுநாள்

மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது எண்ணெயையும் குளிரூட்டி நீரையும் பாருங்கள். நீண்ட தூரம் உயர் சுழற்சியில் ஓடிய சிறிய எஞ்சின், நகரத்தில் குடிக்காத எண்ணெயை இங்கே குடித்திருக்கலாம். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் குறித்துவைத்தால் திரும்பும்போது கையோடு எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்பது தெரியும்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும்போது அழுத்தமானி காட்டும் கூடுதல் எண்ணைக் கண்டு, நண்பரோ பெட்ரோல் நிலையப் பணியாளரோ காற்றை இறக்கச் சொல்வார்கள். சில நாள்களில் அதே சுமையோடு டர்பனுக்கு இறங்கப்போகிறீர்கள் என்றால் இறக்க வேண்டாம். திரும்பும் நாள் காலையில் சுமையை ஏற்றிமுடித்து, ஒட்டுத்தாளின் எண்ணுக்கு மேல் 0.2 பார் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டர்பனில் மறுநாள் காலை ஒருமுறை அளந்து, ஒட்டுத்தாளின் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.